கடல் கடந்த கண்ணீரும் நீதி விசாரணையும்
(மலாயாவில் போருக்குப் பின் நடந்த இராணுவ நீதிமன்றங்கள் பற்றிய ஒரு வரலாற்று நினைவு)

ஜூபிலி ஆண்டில் சிறைப்பட்டோர் விடுதலை பெற வேண்டும், இழந்த நிலம் உரியவரிடம் திரும்ப வேண்டும் என்பது பழைய ஏற்பாட்டு மக்களின் வழக்கம். நம் பங்கு ஜூபிலி கொண்டாடும் இவ்வேளையில், நம் கோயில் எழும்பிய கதையையும் உழைத்த குருக்கள், கன்னியர், வேதியர் ஆகியோரின் தொண்டையும் இம்மலரின் ஏனைய பக்கங்களில் வாசிப்பீர்கள். அடியேன் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுத் தொலைவானது. ஆயினும் நமக்கு அந்நியமானதன்று.

விருத்தாசலம் அன்று தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு தாலுகா. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த மாவட்டங்களில் தென்னார்க்காடும் ஒன்று. மழை பொய்த்த ஆண்டுகளில் நம் வட்டாரத்துக் குடும்பங்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குக்குச் சென்றன. 1938-இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்தும் வரை இது நடந்தது. சென்றவர்களில் இந்துக்களும் உண்டு, நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. புதுவையில் மறைபரப்பிய அதே பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள்தாம் மலாயாவிலும் தமிழர்களுக்குக் கோயில் கட்டித் தந்தனர். எனவே இரு கரைகளுக்கும் இடையே உறவு உண்டு. அக்கரையில் நம்மவர் பட்ட துயரமும், அத்துயரத்துக்குப் போருக்குப் பின் கேட்கப்பட்ட கணக்கும், கேட்கப்படாமல் போன கணக்குமே இக்கட்டுரையின் பொருள்.

ஆக்கிரமிப்பு நாட்கள்

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. இரண்டே மாதங்களில் நாடு முழுவதும் அதன் கைக்கு வந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுக் காலம் மக்கள் ஜப்பானிய ஆட்சியின்கீழ் வாழ்ந்தனர்.

அந்நாட்களில் எல்லாரும் அஞ்சிய பெயர் கெம்பெய்தாய். அது ஜப்பானிய இராணுவப் போலீஸ். எவரையும் எந்நேரமும் பிடித்துச் செல்ல அதற்கு அதிகாரம் இருந்தது. வானொலிப் பெட்டி வைத்திருந்தார், காட்டில் மறைந்திருந்த எதிர்ப்புப் படையினருக்கு உதவினார் என்ற சந்தேகமே போதும். பிடிபட்டவர் போர்வீரர் அல்லர். மருத்துவர், ஆசிரியர், கடைக்காரர், தாய், மகன் என்று நம்மைப் போன்ற சாதாரணக் குடிமக்கள்.

இப்போ நகரத்து மருத்துவர் குடும்பம்

பேராக் மாநிலத்தின் இப்போ நகரில் டாக்டர் கார்த்திகேசு என்னும் மருத்துவர் இருந்தார். இலங்கைத் தமிழ் மரபில் வந்தவர். பிறப்பால் இந்து. சிபில் டேலி என்னும் கத்தோலிக்கப் பெண்ணை மணக்க விரும்பி ஞானஸ்நானம் பெற்று, ஆப்டன் கிளமென்ட் என்ற பெயரை ஏற்றார். 1919 ஜனவரியில் கோலாலம்பூர் அர்ச். அருளப்பர் கோயிலில் அவர்களுக்குத் திருமணம் நடந்தது. சிபில் அம்மையார் 1899-இல் சுமத்ராவில் பிறந்தவர். தந்தை ஐரிஷ் மரபினர், தாய் யுரேஷியப் பெண். அம்மையார் பயிற்சி பெற்ற செவிலி, மருத்துவச்சி. கணவனும் மனைவியும் சேர்ந்து 1926 முதல் இப்போவில் மருத்துவமனை நடத்தினர்.

ஜப்பானியர் நெருங்கியதும் குடும்பம் அருகிலுள்ள பாப்பான் என்னும் ஈயச் சுரங்கச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அம்மையார் ஏழைகளுக்கு மருந்து கொடுத்தார். இரவில் காட்டிலிருந்து இரகசியமாக வந்த எதிர்ப்புப் படையினரின் காயங்களுக்கும் கட்டுப் போட்டார். நோயாளி எந்தக் கட்சி, எந்தக் கொள்கை என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் ஒளித்து வைத்த வானொலிப் பெட்டியில் இலண்டன் செய்தி கேட்டு, நம்பிக்கை இழந்திருந்த அயலாருக்குச் சொன்னார்.

1943-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் முதலில் கணவரும், பின்னர் அம்மையாரும், வளர்ப்பு மகனும் பிடிபட்டனர். விசாரணை நடத்தியவர் யோஷிமுரா என்னும் கெம்பெய்தாய் சார்ஜன்ட். மூங்கிலாலும் பிரம்பாலும் அடித்தார்கள். வயிறு நிறையத் தண்ணீரை ஊற்றி மிதித்தார்கள். நகங்களைப் பிடுங்கினார்கள். அம்மையாரின் முதுகெலும்பு சேதமுற்றது, தாடையில் காயம் ஏற்பட்டது. உதவி பெற்றவர்களின் பெயர்களைச் சொல் என்பதே அவர்கள் கேட்டது. அவர் சொல்லவில்லை.

இறுதியில் ஏழு வயது நிரம்பாத, அல்லது அப்போதுதான் நிரம்பிய, இளைய மகளைக் கொண்டு வந்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டப் போவதாகத் தாயை மிரட்டினார்கள். தாய் பேசினால் பலர் மடிவர், பேசாவிட்டால் பிள்ளை மடியும். நம்மில் எந்தத் தாய்க்கு இந்தச் சோதனையை நினைக்கவாவது மனம் வரும்? அவ்வேளையில் அங்கு வந்த ஜப்பானிய அதிகாரி ஒருவர் குழந்தையை இறக்கும்படி ஆணையிட்டார். இந்தச் செய்தியையும் மறவாமல் சொல்ல வேண்டும். எதிரிப் படையின் சீருடைக்குள்ளும் ஒரு மனிதர் இருந்தார்.

பின்னர் ஜப்பானிய இராணுவ நீதிமன்றம் அம்மையாருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கணவரும் வளர்ப்பு மகனும் சிறைத்தண்டனை பெற்றனர். 1945-இல் ஜப்பான் சரணடைந்தபின் அம்மையார் பத்து காஜா சிறையிலிருந்து மீட்கப்பட்டார். நடக்க முடியாத நிலையில் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு விமானத்தில் அனுப்பப்பட்டார். 1947-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் அணிவித்தார். 1948 ஜூன் 12-இல், பழைய தாடைக் காயத்திலிருந்து பரவிய நச்சினால் ஸ்காட்லாந்தில் உயிர்நீத்தார். மறு ஆண்டு அவருடைய உடல் இப்போவுக்குக் கொண்டு வரப்பட்டு, அர்ச். மிக்கேல் கோயிலையடுத்த கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

நீதிமன்றம் கூடியது

போர் ஓய்ந்தபின் வென்றவர்கள் என்ன செய்வார்கள்? பழைய காலமென்றால் பழிக்குப் பழி வாங்கியிருப்பார்கள். ஆங்காங்கே அவ்வாறு நடக்கவும் செய்தது. ஆனால் 1945 ஜூன் மாதத்தில் பிரிட்டிஷ் அரசாணை ஒன்று வெளியாயிற்று. போரின் சட்டங்களையும் வழக்கங்களையும் மீறியவர்களை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரிக்க அது வழி செய்தது.

அந்த நீதிமன்றம் எப்படி நடந்தது என்று அறிவது நல்லது. ஒரு தலைவரும் குறைந்தது இரண்டு உறுப்பினர்களும் அமர்வர். அவர்கள் இராணுவ அதிகாரிகள். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் உண்டு. பெரும்பாலும் ஜப்பானிலிருந்தே வழக்கறிஞர்கள் வரவழைக்கப்பட்டனர். மொழிபெயர்ப்பாளர் உண்டு. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நேரில் வர இயலாத சாட்சியின் எழுத்து வாக்குமூலமும் ஏற்கப்பட்டது. மேல்முறையீடு கிடையாது. எனினும் தண்டனை பெற்றவர் மனுச் செய்யலாம், மேலதிகாரி உறுதி செய்த பிறகே தண்டனை நிறைவேறும். மேலதிகாரியின் கட்டளைப்படி செய்தேன் என்று சொல்லுவதால் மட்டும் குற்றம் நீங்கிவிடாது என்பது இந்த நீதிமன்றங்கள் கடைப்பிடித்த கொள்கை.

சிங்கப்பூரில் 1946 முதல் 1948 வரை 131 வழக்குகள் நடந்தன. மலாயாவின் வேறு நகரங்களிலும் நீதிமன்றங்கள் கூடின. சிங்கப்பூரில் 1946 ஜனவரி 21-இல் தொடங்கிய முதல் வழக்கே, பசிபிக் தீவு ஒன்றில் இந்தியப் போர்க்கைதிகளைக் கொடுமைப்படுத்தியவர்கள் மீதானது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

யோஷிமுராவும் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். 1946-இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சிபில் அம்மையாரைத் தண்டித்ததும் இராணுவ நீதிமன்றம், யோஷிமுராவைத் தண்டித்ததும் இராணுவ நீதிமன்றம். ஆயினும் வேற்றுமை உண்டு. முன்னதில் அடித்து வாங்கிய வாக்குமூலமே சான்று. பின்னதில் குற்றவாளிக்காகப் பேசவும் ஒருவர் எழுந்து நின்றார்.

இரட்டைப் பத்து வழக்கு

குடிமக்களான கைதிகளைக் கொடுமைப்படுத்தியது பற்றிய வழக்குகளில் பெரிதும் பேசப்பட்டது ‘இரட்டைப் பத்து’ வழக்கு. பத்தாம் மாதம் பத்தாம் நாள் தொடங்கிய நிகழ்ச்சியாதலால் அப்பெயர் வந்தது.

1943 செப்டம்பர் இறுதியில் ஆஸ்திரேலியாவிலிருந்து இரகசியமாக வந்த சில வீரர்கள் சிறு ஓடங்களில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் புகுந்து கப்பல்களுக்கு வெடி வைத்துவிட்டுத் தப்பினர். உள்ளூரில் யாரோ துப்புக் கொடுத்தனர் என்று கெம்பெய்தாய் முடிவு கட்டியது. சாங்கி சிறையில் அடைபட்டிருந்த ஐரோப்பியக் குடிமக்கள் மீது சந்தேகம் விழுந்தது. அக்டோபர் 10-ஆம் நாள் சிறையைச் சோதனையிட்டு, அன்றும் தொடர்ந்த மாதங்களிலும் 57 பேரை விசாரணைக்கு இழுத்துச் சென்றனர். அந்தத் தாக்குதலைப் பற்றி அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாததைச் சொல்லச் சொல்லி அடித்தார்கள். சிறு அறைகளில் ஆணும் பெண்ணுமாக அடைத்தார்கள். இரவெல்லாம் விளக்கு எரியும். பகலெல்லாம் வாய் திறவாமல் மண்டியிட்டு உட்கார வேண்டும். குடிநீரும் கழிப்பறைத் தொட்டியில் வரும் நீர்தான். பதினைந்து பேர் மாண்டனர்.

1946 மார்ச் 18-இல் சிங்கப்பூர் உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் வழக்கு தொடங்கியது. லெப்டினன்ட் கர்னல் சுமிதா ஹாருசோவும் வேறு இருபது பேரும் கூண்டில் நின்றனர். ஏப்ரல் 15-இல் தீர்ப்பு. எட்டுப் பேருக்கு மரணம், மூவருக்கு ஆயுள், ஒருவருக்குப் பதினைந்து ஆண்டு, இருவருக்கு எட்டு ஆண்டு. மீதி ஏழு பேர் விடுதலை செய்யப்பட்டனர். கூண்டில் நின்ற மூவரில் ஒருவர் விடுதலையானார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆத்திரம் மட்டுமே அமர்ந்திருந்த மன்றம் இப்படிச் செய்யாது.

குறைகளும் இருந்தன. வென்றவரே நீதிபதியாக அமர்ந்து தோற்றவரை விசாரித்தார். பல வழக்குகள் சில நாட்களிலேயே முடிந்தன. ஆள் அடையாளம் தவறியிருக்கலாம் என்ற ஐயமும் சிலவற்றில் எழுந்தது. வெற்றி பெற்ற தரப்பின் தவறுகளை எவரும் கூண்டில் ஏற்றவில்லை. சிறைத்தண்டனை பெற்றவர்களோ 1950-களின் இறுதிக்குள் விடுவிக்கப்பட்டனர். இவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு நேர்மையானதாகும்.

மன்னிப்பும் நீதியும்

இரட்டைப் பத்து நிகழ்ச்சியில் வதைபட்டவர்களில் ஒருவர் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் ஆயர் லெனர்ட் வில்சன். சாட்டையடி தாங்கமுடியாத நிலையில், தன்னை அடிப்பவர்களின் முகங்களைப் பார்த்து, இவர்களும் ஒரு காலத்தில் தாயின் மடியில் தவழ்ந்த சிறு குழந்தைகள் அல்லவா என்று நினைத்துப் பார்த்ததாக அவர் பின்னாளில் கூறினார். போர் முடிந்தபின், அவரைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவர் கிறிஸ்தவரானபோது, அம்மனிதருக்கு உறுதிபூசுதல் அளித்தவரும் இந்த ஆயரே.

அப்படியானால் நீதிமன்றம் எதற்கு, எல்லாரையும் மன்னித்து விட்டிருக்கலாமே என்று சிலர் கேட்கலாம். நானும் இதைப் பலநாள் சிந்தித்தேன். தன்னை அடித்தவனை மன்னிக்க ஆயருக்கு உரிமை உண்டு. இறந்துபோன பதினைந்து பேர் சார்பில் மன்னிக்க அவருக்கோ வேறு எவருக்கோ உரிமை இல்லை. நடந்தது இன்னது என்று பலர் அறியச் சொல்லப்பட்ட பிறகே மன்னிப்புக்கும் பொருள் உண்டாகிறது. நாம் பாவசங்கீர்த்தனத்தில் செய்வதும் அதுதானே? முதலில் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுகிறோம், பிறகே பாவமன்னிப்பு. மூடி மறைத்த பாவத்துக்கு மன்னிப்பு ஏது?

கூப்பிடப்படாத பெயர்கள்

இனி நம் நெஞ்சைத் தொட வேண்டிய பகுதிக்கு வருகிறேன்.

1942-43-இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள இரயில்பாதை போட்டனர். மரண இரயில்பாதை என்று உலகம் அதை அழைக்கிறது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை செய்தனர். பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அவர்களைவிடப் பெருந்தொகையாக அங்கே உழைத்தவர்கள் ஆசியத் தொழிலாளர். அவர்களில் பல்லாயிரவர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்.

முதலில் நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டினர். ஆள் போதாதபோது வலுக்கட்டாயமாகப் பிடித்தனர். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிக் கதவை அடைத்துப் பிடித்துச் சென்றதாகவும் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சிலர் பெண்டு பிள்ளைகளோடு சென்றனர். காட்டில் மழை, பட்டினி, மலேரியா. 1943-இல் வாந்திபேதி புகுந்தபோது கூலிகளின் முகாம்கள் அப்படியே காலியாயின. போர்க்கைதிகளுக்குத் தங்கள் இராணுவ மருத்துவர்கள் உடனிருந்தனர், நம்மவர்க்கு அந்த உதவியும் இல்லை.

அந்த இரயில்பாதைக் கொடுமைகளுக்காகப் பின்னர் 111 பேர் விசாரிக்கப்பட்டு 32 பேர் மரண தண்டனை பெற்றனர். அந்த வழக்குகளில் மிகப்பெரும்பாலானவை போர்க்கைதிகள் பற்றியவை. தமிழ்த் தொழிலாளருக்காக எழுந்த குரல் மிகச் சிறியது.

ஏன் இப்படி? நீதிமன்றத்துக்குச் சாட்சி வேண்டும், பெயர் வேண்டும், தேதி வேண்டும். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் அதிகாரிகள் இறந்தவர் பட்டியலை எழுதி மூங்கிலுக்குள் ஒளித்துக் காப்பாற்றினர். கல்லறைக்குக் குறி வைத்தனர். நம்மவருக்குப் பட்டியல் எழுத ஆளில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவரே அரிது. இறந்தவர் ஒரே குழியில் இடப்பட்டனர் அல்லது எரிக்கப்பட்டனர். இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாகப் பெயரோடு நிற்கின்றன. தமிழன் எத்தனை பேர் மாண்டான் என்பதற்கு ஒரு சரியான எண்கூட இல்லை.

நம் பீங்கான் நகரத்து மக்களுக்கு ஓர் உவமை சொன்னால் எளிதில் விளங்கும். அடியில் முத்திரை குத்திய கோப்பை எத்தனை ஊர் கடந்தாலும், உடைந்து ஓடாகக் கிடந்தாலும், எந்தச் சூளையில் பிறந்தது என்று சொல்லிவிடலாம். முத்திரை இல்லாத கோப்பையும் அதே மண், அதே நெருப்பு. ஆனால் உடைந்துவிட்டால் அதைத் தேடி வருவார் இல்லை. சிபில் அம்மையாரின் பாடுகள் எழுத்தில் பதிந்தன. அவர் சொல்லி எழுதிய வரலாறு அவருடைய மறைவுக்குப் பின் 1954-இல் நூலாக வந்தது. இப்போவில் ஒரு சாலைக்கு அவர் பெயர் உண்டு. காட்டில் மடிந்த கூலித் தமிழனும் அதே போரில் அதே கொடுமைக்கு ஆளானவன்தான்.

விளைந்த நன்மை

இத்தனைக்கும் பின் அந்த விசாரணைகளால் பயன் என்ன? போர்க்காலத்தில் அந்நியர் பிடியில் அகப்பட்ட குடிமக்களைக் காப்பதற்கென்றே தனியான உலக உடன்படிக்கை அதுவரை இருந்ததில்லை. 1929-இல் ஏற்பட்ட ஜெனீவா ஒப்பந்தம் போர்க்கைதிகளைப் பற்றியதே. 1949 ஆகஸ்ட் 12-இல் கையெழுத்தான நான்காவது ஜெனீவா உடன்படிக்கை அந்தக் குறையைத் தீர்த்தது. பிடிபட்ட குடிமக்களை வதைக்கக்கூடாது, பிணையாகப் பிடிக்கக்கூடாது, ஒருவர் செய்த குற்றத்துக்கு ஊராரைத் தண்டிக்கக்கூடாது, தக்க விசாரணையின்றித் தண்டனை கூடாது என்று அது விதித்தது. இந்தியா 1950-இல் அதை ஏற்று, 1960-இல் அதற்கெனச் சட்டமும் இயற்றியது. உலகில் இந்த விதிகள் மீறப்படுவதை நாளேடுகளில் பார்க்கிறோம். ஆயினும் மீறுகிறவன் குற்றவாளி என்று சுட்டிக்காட்டவாவது இன்று ஓர் அளவுகோல் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

வாசகர்களே, நீதிமன்றங்கள் கலைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. குற்றம் செய்தவர்களும் மாண்டனர், துன்பப்பட்டவர்களும் மாண்டனர். நமக்கு எஞ்சியிருப்பது நினைவு மட்டுமே. ஆனால் அந்த நினைவைப் பேணுவதும் ஒரு கடமையே.

நம் பங்கிலும் சுற்றுக் கிராமங்களிலும், ‘எங்கள் பாட்டனாரின் தம்பி மலாயாவுக்குப் போனார், சண்டைக்குப் பிறகு கடிதமே இல்லை’ என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். தெரிந்தால் ஊர், தகப்பன் பெயர், கப்பலேறிய ஆண்டு ஆகியவற்றையும் குறித்துக் கொள்ளுங்கள். வீட்டில் பழைய கடிதமோ புகைப்படமோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அறிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். அவர்கள் போய்விட்டால் அந்தப் பெயர்களும் போய்விடும்.

நவம்பர் இரண்டாம் நாள் கல்லறைத் திருநாளில் நம் வீட்டுக் கல்லறைகளுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு போகிறோம். கல்லறையே இல்லாத அந்த உறவினருக்காகவும் ஒரு மெழுகுவர்த்தியை நிறுத்தி, அவர்கள் பெயரைச் சொல்லி மன்றாடுவோமாக. எந்த மன்றத்திலும் கூப்பிடப்படாத அந்தப் பெயர், நம் கோயிலிலாவது ஒருமுறை வாய்விட்டுச் சொல்லப்படட்டும். பெயர் தெரியாதவர்களை இறைவன் அறிவார். நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அவர் அருள்வாராக.